பி.ஏ. முடித்துவிட்டு ஏசி மெக்கானிக் ஆகலாமா?

கேள்வி: வயது 26. பி.ஏ. வரலாறு படித்தேன். திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு வருடமாக டேட்டா என்ட்ரி வேலை. சம்பளம் 17,500 ரூபாய். வேலையில் மனம் ஒட்டவே இல்லை. எதையாவது கழற்றி மாட்டுவதில்தான் சின்ன வயதிலிருந்தே ஆர்வம். ஏசி மெக்கானிக் வேலை கற்க ஒரு தனியார் மையத்தில் ஆறு மாதத்துக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். வளைகுடாவில் வேலையும் வாங்கித் தருவார்களாம். சேமிப்பு 1,40,000 ரூபாய், நகைக்கடன் 60,000. வீட்டுக்கு மாதம் 10,000 கொடுக்கிறேன். பர்சனல் லோன் எடுத்துச் சேரலாமா? 'டிகிரி வாங்கிவிட்டு ஸ்பேனர் பிடிக்கப் போகிறாயா' என்கிறார் அப்பா.

பதில்: தொழிலை மாற்றலாம். லோன்தான் வேண்டாம்.

85,000 ரூபாயை 16 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 4,160 ரூபாய். முதல் வருடம் நீங்கள் ஹெல்பராகத்தான் இருப்பீர்கள். அந்தக் கூலியில் இது பெரிய பாரம். வளைகுடா வேலை என்றால், ஆள் அனுப்பும் ஏஜென்டுக்கு மத்திய அரசின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு ஐடிஐயில் இதே தொழிற்பிரிவு இரண்டு வருடப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், டிகிரி இருப்பது தடையில்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அப்படியானால் இலவசம்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடச் சம்பளம் 4,20,000 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. வீட்டுக்குக் கொடுப்பது மட்டுமே 2,40,000. உதவித்தொகை 18,000 போக, 2,22,000 ரூபாய்க்கு வழி வேண்டும். அப்பாவிடம் பேச வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஸ்பேனர் கௌரவமா இல்லையா என்று விவாதித்தால் விடியாது. இரண்டு வருடம் 10,000-ஐ 4,000 ஆகக் குறைத்துக்கொள்ள வீடு ஒப்புக்கொண்டால் தேவை 78,000-க்கு வந்துவிடும்.

சேமிப்பிலிருந்து நகையை முதலில் மீட்டுவிடுங்கள். வட்டி போக 80,000-க்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். மீட்ட நகை வீட்டில் இருந்தால், அவசரத்துக்கு அதே நாளில் மறுபடி அடகு வைக்கலாம். இப்போதைக்கு அதுதான் உங்கள் அவசரகால நிதி. பஸ், சாப்பாட்டுச் செலவுக்கு மாலையில் ஏதாவது பகுதிநேர வேலை பார்க்கத்தான் வேண்டும்.

போன கோடையில் எங்கள் வீட்டு ஏசி குளிர்ச்சி தரவில்லை. முதலில் வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, 'கம்ப்ரசர் போச்சு சார், 14,000 ஆகும்' என்றார். அடுத்து வந்தவர் வெளி யூனிட்டைத் திறந்து, உப்பிப்போன கெபாசிட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். புதிதாக மாட்டி, பில் புத்தகத்தில் பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி, ஆயிரத்துக்குள் முடித்தார். பேச்சுக் கொடுத்தபோது எம்.ஏ. தமிழ் என்றார். இப்போது எங்கள் தெருவில் ஆறு வீடு அவருக்குத்தான் போன் செய்கிறது. விளக்கிச் சொல்லவும் எழுதித் தரவும் தெரிந்த மெக்கானிக் அபூர்வம். உங்கள் பி.ஏ. அந்த இடத்தில் சம்பாதித்துத் தரும்.

இந்தத் தொழிலில் பலர் கோட்டை விடுவது வரும்படியின் ஏற்ற இறக்கத்தில். மார்ச் முதல் ஜூன் வரை சோறு தின்ன நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போனே அடிக்காது. மே மாத வருமானத்தைப் பார்த்து பைக்குக்குத் தவணை கட்டத் தொடங்கியவர் நவம்பரில் கந்துவட்டிக்குப் போகிறார். எல்லா வசூலும் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் ஒரே தொகையை உங்கள் 'சம்பளமாக' இன்னொரு கணக்குக்கு மாற்றுங்கள். மீதியைத் தொட வேண்டாம்.

கருவிகளையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட், செப்புக் குழாயின் முனையை விரிக்கும் ஃப்ளேரிங் கிட் முதலில். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் அப்புறம். அதுவரை வாடகைக்கு எடுக்கலாம். தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு கடன் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிஷு' கடன் உண்டு, அடமானம் கேட்கமாட்டார்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். பிற்பாடு வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.

மூன்றாவது மாடி சன்ஷேடில் நின்று வெளி யூனிட் மாட்டும் வேலை இது. வருடம் 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தருகிறது. உங்கள் வங்கியில் உடனே சேருங்கள். அது போதாது. கை கால் முறிந்து வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தரும் தனிநபர் விபத்து பாலிசி ஒன்றும் வேண்டும்.

ராஜினாமா கடிதம் மட்டும் இப்போது வேண்டாம். ஐடிஐ சேர்க்கை கோடையில்தான் வரும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெக்கானிக்குடன் கையாளாகப் போங்கள், கூலி கேட்காமல். பத்து ஞாயிறு இண்டோர் யூனிட் அழுக்கைக் கழுவிய பிறகும் ஆசை இருந்தால் விண்ணப்பியுங்கள். பிப்ரவரிக்குள் ஆளைப் பிடித்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் அவர் உங்கள் போனை எடுக்கவே மாட்டார்.