சோபாவுக்கு ‘டெஃப்லான் கோட்டிங்’ அடிக்கலாமா?

கேள்வி: புது சோபாவில் கறை படியாமல் இருக்க ‘டெஃப்லான் கோட்டிங்’ அடித்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். அதிலிருந்து ரசாயனம் காற்றில் கலக்கும் என்று படித்தேன். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: கோட்டிங்கே வேண்டாம். எண்ணெயும் கறையும் ஒட்டாதபடி துணியில் அடிக்கும் இந்தப் பூச்சுகளில் பல ஃப்ளோரின் சேர்மங்களால் ஆனவை. அவற்றில் தங்கிவிடும் ஃப்ளோரோடெலோமர் ஆல்கஹால் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் என்பதால், தெருக்காற்றைவிட, ஏசிக்காக ஜன்னலைச் சாத்திய அறையில்தான் அது அதிகம் சேர்கிறது. வெளியேறும் ஆவி சிதைந்து, பி.எஃப்.ஓ.ஏ. போன்ற, எளிதில் அழியாத அமிலங்களாக மாறும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2023-இல் பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

இதைச் சொன்னால், கமிஷனுக்கு விற்பவர் ‘பி.எஃப்.ஓ.ஏ. ஃப்ரீ’ என்று அச்சிட்ட அட்டையை நீட்டுவார். அது பொய்யாக இராது. பி.எஃப்.ஓ.ஏ.வாக மாறும் எட்டு கார்பன் சங்கிலிக்குப் பதிலாக, அதே குடும்பத்தின் ஆறு கார்பன் சங்கிலியைப் போட்டிருப்பார்கள், அதுவும் ஆவியாகும், அதுவும் அழியாத அமிலமாகவே முடியும். ஃப்ளோரின் சேர்மம் எதுவுமே இல்லை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

பியூரிஃபையர் விற்பவரின் கையிலுள்ள மீட்டரையும் நம்பாதீர்கள். அது காட்டுவது தூசியின் அளவை, இந்த ஆவியை அதனால் அளக்கவே முடியாது. ஹெப்பா வடிகட்டியும் தூசியைத்தான் பிடிக்கும். ஆவியைப் பிடிக்கக் கனமான கரி வடிகட்டி வேண்டும், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். தவழும் குழந்தைக்குத் தரைத்தூசி கையிலிருந்து வாய்க்குப் போவதும் முக்கியமான வழி என்பதால், ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும், சாப்பாட்டுக்கு முன் கை கழுவிவிடுவதும், தினமும் ஜன்னலைத் திறந்து வைப்பதுமே உங்களுக்குப் பயன்படும்.

சோபாத் துணியில் என்ன பூசியிருக்கிறது என்று லேபிளில் எழுதும் கட்டாயம் இங்கே இல்லை. எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையில், இதே ஃப்ளோரின் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009-இலேயே சேர்க்கப்பட்டும், 2018-இல் நம் அரசு தடைசெய்த ஏழு வகை ரசாயனங்களில் அது இடம்பெறவில்லை. வாங்குகிறவரே துப்பறிய வேண்டும் என்பது என்ன நியாயமோ!

நான்ஸ்டிக் தோசைக்கல் மட்டும் வேறு கதை. அதன் மேலுள்ள டெஃப்லான் கெட்டியான பிளாஸ்டிக். சாதாரணமாகத் தோசை வார்க்கும்போது அது ஆவியாவதில்லை. ஆனால் மாவு ஊற்றாமல் வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மறந்தால், சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும்; மனிதருக்குக் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வரும். ஆகவே காலிக்கல்லைக் காய விடாதீர்கள். கிளிக்கூண்டு இருந்தால் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள்.