தலைவலி எல்லாருக்கும் வருவதுதானே, அதற்குப் போய் டாக்டரா?

ஆலங்குளத்தில் பீடி சுற்றும் உங்கள் அம்மாவுக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருகிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாருக்கும் வருவது உண்மைதான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் சுமார் 310 கோடிப் பேருக்குத் தலைவலி நோய் இருந்தது, பத்தில் நான்கு பேர். அதற்காக விட்டுவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலி ஒருமுறை வந்தால் 4 முதல் 72 மணி நேரம் ஆட்டிவைக்கும். குமட்டும், வெளிச்சம் கூசும். பீடிக்கோ எண்ணிக்கைக்குத்தான் கூலி. அம்மா படுத்தால் அன்றைய வருமானம் போச்சு.

என் பெரிய கவலை மாத்திரைதான். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை மாதத்தில் 15 நாளை எட்டினால், அப்புறம் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். வலித்த நாட்களைக் காலண்டரில் குறித்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். திடீரென இடி விழுந்ததுபோல் வலித்தாலோ, கை கால் மரத்தாலோ உடனே கிளம்பிவிடுங்கள்.