ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக?

வணக்கம் அக்கா,

ஒட்டுசுட்டானில் உயர்தரம் பயோ படிக்கிறேன். டிஎன்ஏ இரட்டிப்பில் வரும் நொதியங்களை வரிசையாகப் பாடமாக்கிவிட்டேன். ஆனால் ஒரு புதிய இழை தொடர்ச்சியாகவும் மற்றது துண்டு துண்டாகவும் உருவாவது ஏன் என்று விளங்கவில்லை. கேட்டால் “அது அப்படித்தான், எழுதுங்கோ” என்கிறார்கள்.

ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

இது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. நொதியங்களின் பெயர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். தாளில் இரண்டு நெடுங்கோடுகள் வரைந்து, ஒன்றுக்கு மேல்நோக்கியும் மற்றதுக்குக் கீழ்நோக்கியும் அம்புக்குறி போடுங்கள். டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் இப்படி எதிரெதிர்த் திசையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு இழையிலும் ஒரு முனைக்கு 5' என்றும் மற்றதுக்கு 3' என்றும் பெயர். புதிய இழையைக் கட்டும் நொதியமான பொலிமரேஸோ, வளரும் இழையின் 3' முனையில் மட்டுமே இழையின் அலகான நியூக்கிளியோரைட்டைச் சேர்க்கும். சரி, ஹெலிக்கேஸ் என்ற நொதியம் இழைகளைப் பிரித்துக்கொண்டே போகிறது. ஒரு பக்கத்தில் பொலிமரேஸ் அதன் பின்னாலேயே போகலாம். மறுபக்கத்தில் எதிர்த்திசையில்தான் போகமுடியும். அதனால் புதிதாகப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பிரைமர் என்ற சிறு தொடக்கத் துண்டை வைத்துத் திரும்பத் தொடங்கவேண்டும். துண்டுகளைப் பிறகு லிகேஸ் என்ற நொதியம் இணைத்துவிடும்.

அப்படியென்றால் 5' முனையில் சேர்க்கும் பொலிமரேஸ் ஏன் இல்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சேரவரும் நியூக்கிளியோரைட்டில் மூன்று பொஸ்பேற்றுகள் இருக்கும். அதில் இரண்டு கழரும்போது வரும் சக்தியில்தான் பிணைப்பு உருவாகிறது. பொலிமரேஸ் சிலவேளை பிழையானதைச் சேர்த்துவிடும், உடனே அதை வெட்டியும் எறியும். 3' முனையில் இப்படி வெட்டினால் நட்டமில்லை, அடுத்து வருவது தன் சக்தியோடு வரும். 5' முனையில் இழை வளர்வதாக வைத்துப் பாருங்கள்: சக்தி தரும் பொஸ்பேற்றுகள் வளரும் நுனியிலேயே இருக்கும். பிழையை வெட்டும்போது அவையும் போய்விடும், இழை அதோடு நின்றுவிடும். பிழைதிருத்த இடம் வேண்டும் என்பதால்தான் இந்தத் துண்டு வேலை என்று உயிரியலாளர்கள் விளக்குகிறார்கள். எல்லாத் திருத்தமும் முடிய, ஏறக்குறைய நூறு கோடி நியூக்கிளியோரைட்டுக்கு ஒரு பிழைதான் மிஞ்சும்.

இந்தத் துண்டுகளை ஒக்காசாக்கி துண்டங்கள் என்று எழுதும்போது அந்த ஆட்களையும் நினையுங்கள். ரெய்ஜி ஒக்காசாக்கியும் மனைவி சுனெக்கோவும் 1960களில் நகோயா பல்கலைக்கழகத்தில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். சிறுவயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர், 1975 இல் இரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்துபோனார். ஆய்வைச் சுனெக்கோ தொடர்ந்தார். வன்னிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இதையும் வரைந்து பாருங்கள்: எங்கள் நிறமூர்த்தத்தின் நுனியில் கடைசிப் பிரைமரை நீக்கியபின், அந்த இடத்தை எது நிரப்பும்? யோசித்து எழுதுங்கள்.