தம்பிக்கு வக்கீலாகவும் வேண்டும், எம்பியாகவும் வேண்டுமாம்

அக்கா, தம்பி வக்கீலாகவும் எம்பியாகவும் ஆக ஆசைப்படுகிறார் என்று நீங்கள் அனுப்பிய மெசேஜைப் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அரசியல் ஆசை வந்தால் வீட்டில் கலக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சட்டம் படிப்பது ஒரு தொழில், நாடாளுமன்றம் போவது யாராவது கூப்பிட்டால் நடப்பது, இந்த இரண்டையும் தம்பி ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

வக்கீலாக இருந்துகொண்டே சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்கலாம் என்று அவர் இணையத்தில் பார்த்தது அமெரிக்கக் கதை. டெக்சஸ் மாநிலச் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள், சம்பளம் மாதம் 600 டாலர். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? அதனால்தான் அங்கே பலர் வக்கீல் தொழிலை விடாமலே உறுப்பினராக இருக்கிறார்கள். நம் சிங்கப்பூரில் மாநிலமும் இல்லை, மாநிலச் சட்டமன்றமும் இல்லை, இருப்பது ஒரே நாடாளுமன்றம். எம்பிக்கான படித்தொகை ஆண்டுக்கு 192,500 வெள்ளி என்றாலும் இங்கேயும் பலர் சொந்த வேலையைத் தொடர்கிறார்கள். வக்கீலாக இருந்து எம்பியான முரளி பிள்ளையைப் பாருங்கள், 2015இல் அல்ஜுனிட் தொகுதியில் தோற்றார், 2016 இடைத்தேர்தலில் புக்கிட் பாத்தோக் தொகுதியில் ஜெயித்தார், தோற்றபோதும் கையில் வக்கீல் தொழில் இருந்தது. தம்பிக்கு நான் சொல்வதும் இதுதான், தொழில் முதலில்.

கட்டாயத் தேசிய சேவை, நான்கு ஆண்டு சட்டப் படிப்பு, வழக்கறிஞர் தேர்வு, அப்புறம் பயிற்சிக் காலம் (ஆறு மாதமாக இருந்தது, 2024இல் தேர்வு எழுதியவர்களிலிருந்து ஓராண்டு ஆகிவிட்டது) என்று கணக்குப் போட்டால் இருபத்தாறு, இருபத்தேழு வயதில்தான் சொந்தக் காலில் நிற்பார். பொதுச் சேவைதான் வேண்டுமென்றால் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் இருக்கிறது, வசதியில்லாதவர்களுக்காகக் குற்ற வழக்குகளில் வாதாட 2022இல் தொடங்கிய அரசாங்க அலுவலகமும் இருக்கிறது. ஒன்று மட்டும், அரசு ஊழியராக இருந்துகொண்டே தேர்தலில் நிற்க முடியாது, ராஜினாமா செய்ய வேண்டும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? உங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்புக்குத் தொண்டூழியராகப் போகச் சொல்லுங்கள். புளோக் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, வாடகை பாக்கி என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுப்பிய கடிதத்தோடு ஒரு பாட்டி, பக்கத்தில் பார்க்கிங் அபராதத்துக்கு மேல்முறையீடு கேட்டு ஒரு டெலிவரி ஓட்டுநர். பாட்டி தமிழில் சொல்வதை அதிகாரிக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் வக்கீல் வேலையில் பாதி இதுதான். நாலைந்து வாரம் போன பிறகும் தம்பிக்கு அலுக்கவில்லையென்றால் சட்டப் படிப்புக்குத் தாராளமாக விண்ணப்பிக்கட்டும். நேர்முகத் தேர்வில் ஏன் சட்டம் என்று கேட்டால் சொல்வதற்கும் ஏதாவது இருக்கும். எந்தக் கட்சி என்ற பேச்சை இப்போதே எடுக்காதீர்கள், ஏ நிலைத் தேர்வு முதலில் முடியட்டும்.