பாலிட்டியா, வி-டெமா: எதை நம்புவது?

வணக்கம். நாடுகளின் மக்களாட்சித் தரத்தை மதிப்பெண்ணாக அளக்கும் இரண்டு தரவுத் தொகுப்புகளில், ஒரே நாட்டுக்குப் பாலிட்டி (Polity) முழு மதிப்பெண் தருகிறது, வி-டெம் (V-Dem) மிகக் குறைவாகத் தருகிறது, எதை வைத்து ஆய்வேட்டை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். தரவில் பிழை இல்லை, பயப்படாதீர்கள். இரண்டும் அளப்பது வேறு வேறு.

சுவிட்சர்லாந்தை எடுத்துப் பாருங்கள். அங்கே பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை வந்தது 1971இல்தான். பாலிட்டியோ 19ஆம் நூற்றாண்டுக்கே முழு மதிப்பெண்ணான 10 கொடுத்துவிட்டது. ஆட்சியாளர் தேர்வையும் அதிகாரக் கட்டுப்பாட்டையும் அது பார்க்கும்; யாருக்கு வாக்கு உண்டு என்று பார்க்காது. பாதி மக்களை விட்டுவிட்டு 'முழு மக்களாட்சி' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வி-டெமின் தேர்தல் மக்களாட்சிக் குறியீடு வாக்குரிமையையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

உங்கள் ஆய்வுக் கேள்வி மக்களின் பங்கேற்பைப் பற்றியது என்பதால் வி-டெமையே எடுங்கள். அதன் நிச்சயமின்மை வரம்புகளையும், அதாவது மதிப்பெண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும், வரைபடத்தில் காட்டுங்கள். மதிப்பெண்ணில் தெரியும் சிறு சரிவுகள் பல அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும்.