'டேன்' (tan) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

வெயிலில் கறுப்பதுதான் டேன் என்று உங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். பியூட்டி பார்லர்களில் டேன் எடுக்கிறோம் என்று காசு வாங்குகிறார்களே, அந்தப் பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு வெகு முன்பே, பழைய ஆங்கிலத்திலேயே, தோல் பதனிடுவதற்கு இந்தச் சொல் உண்டு.

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் இதைத்தான் எழுதினேன். பேரணாம்பட்டில் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் டேனரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆங்கில ஆசிரியர் 'பதனிடு' என்பதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "உங்க வீட்டு நாத்தத்தையெல்லாம் பேப்பர்ல கொண்டு வராதே" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று ராத்திரி அப்பா அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறி ஊறி நகக்கண் எல்லாம் பழுப்பு. எந்தச் சோப்புக்கும் போகாது. ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இடைக்கால லத்தீனில் 'டன்னும்' என்றால் இடித்த ஓக் மரப்பட்டை, அதிலிருந்து வந்ததுதான் டேன். அந்த லத்தீன் சொல்லுக்கும் மூலம் கெல்டிக் மொழியாக இருக்கலாம் என்கிறார்கள். பிரெட்டன் மொழியில் இன்றும் 'டன்' என்றால் ஓக். பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்துக்கு டானின் என்ற பெயரும் இந்த வழியில் வந்ததுதான். அது தோலின் புரதத்தோடு பிணைந்துகொள்வதால் தோல் அழுகாது. ஓக்குக்கு நாங்கள் எங்கே போவது? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதே வேலையைச் செய்தன. நான் மொழியியல் படித்தவன் இல்லை, அகராதி பார்த்துத்தான் எழுதுகிறேன்.

"பாலாற்றைக் கெடுத்த தொழிலுக்கு இவ்வளவு பெருமையா?" என்று யாராவது வருவீர்கள். 1996-இல் தோல் ஷாப்புக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எனக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள்தான். தோல் ஷாப்பு அப்பாவுடையது இல்லை, அங்கே அவர் கூலி.