மூன்றாவது அளவு ஏன் கூடியது?

கேள்வி: கடலூரில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எதையும் ஏன், எப்படி என்று துருவிப் பார்க்காமல் விடமாட்டேன். ஆய்வகத்தில் கணக்கு ஒத்துவராவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. இந்தக் குணத்துக்குத் தடய அறிவியல்தான் சரியென்று தோன்றுகிறது. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தூக்கம் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி. தொழில் நாட்டங்களை ஆறாகப் பிரித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட், ஆராயும் குணத்தை அதில் ஒரு வகையாக வைத்தார். ஆனால் வேதியியலாளர், மருத்துவர், புள்ளியியலாளர் எல்லாரும் அந்த வகைக்குள் வந்துவிடுவார்கள். அதனால் உங்களுக்குத் துருவப் பிடித்தது பொருளையா, எண்ணையா என்று முதலில் பாருங்கள்.

அதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம். அடுத்த முறை டைட்ரேஷன் (ஒரு கரைசலோடு வினைபுரிய இன்னொரு கரைசல் எவ்வளவு தேவை என்று அளக்கும் சோதனை) செய்யும்போது 10.2, 10.2, 10.9 மி.லி. என்று அளவு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். பலர் 10.9ஐ அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? கரைசலைச் சொட்டவிடும் அளவுக்குழாயான பியூரெட்டின் நுனியில் இருந்த காற்றுக்குமிழி நடுவில் வெளியேறியதா? கூம்புக் குடுவையைத் தண்ணீரில் அலசாமல் கரைசலிலேயே அலசினோமா? இரண்டுமே அளவைக் கூட்டிவிடும். எதுவென்று தெரியும்வரை மேசையை விட்டு நகர மனம் வரவில்லையென்றால், நீங்கள் பொருளைத் துருவுகிற ஆள்.

அப்படிப்பட்டவருக்கு வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரியின் மருந்துத் தொழிற்சாலைகளிலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் உண்டு. அங்கே ஒரு மாதிரியின் முடிவு வரம்புக்கு வெளியே போனால் அதை ஓ.ஓ.எஸ். (அவுட் ஆஃப் ஸ்பெசிஃபிகேஷன்) என்பார்கள். உடனே விசாரணை தொடங்கும். முதல் விதி, கரைசலைக் கொட்டக் கூடாது. அப்புறம் எடை போட்ட சீட்டு, தராசின் அளவுத்திருத்தம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஸ்டாண்டர்டின் காலாவதி, 5 மி.லி.க்குப் பதில் 10 மி.லி. பிப்பெட் எடுத்தார்களா என்பது வரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் தவறில்லையென்றால் விசாரணை உற்பத்திப் பிரிவுக்குப் போகும். இதில் நடக்கக்கூடிய பெரிய தப்பு, 'பாஸ்' வரும்வரை திரும்பத் திரும்பச் சோதித்து நல்ல முடிவை மட்டும் எழுதுவது. அது மருந்து சாப்பிடுகிறவரின் உடம்போடு விளையாடுவது. அதைச் செய்ய மறுக்கிற ஆள்தான் அந்த வேலைக்குத் தேவை.

தடய அறிவியலை விட்டுவிடச் சொல்லவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் விஷச்சாராயம் குடித்துப் பலர் இறந்தபோது, அதில் இருந்தது மெத்தனால் என்று உறுதிசெய்தது ஆய்வகச் சோதனைதான். ஆனால் தொலைக்காட்சியில் வருவதுபோல் அந்த வேலை இருக்காது. சாராய மாதிரி, உள்ளுறுப்பு மாதிரி, முத்திரை சரிபார்ப்பு, அறிக்கை, பிறகு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. பதவிகள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆகவே எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு அதற்கும் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. அந்தப் பட்டம் நாலு கதவைத் திறக்கும். தடய அறிவியல் பட்டம் மட்டும் கையில் இருந்தால் கதவுகள் குறைவு.

எம்.எஸ்ஸி.க்கு இரண்டு தேர்வுகள் எழுதுங்கள். ஒன்று, எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம். அது வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலை நுழைவுத்தேர்வான கியூட் பி.ஜி. எழுத வேண்டும். இதில் ஜாம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறந்துவிடும். பலர் கோட்டைவிடுவது பாடத்தில் அல்ல, இந்தத் தேதியில்.

எண்தான் பிடிக்கும் என்று தெரிந்தால், மத்திய அரசுப் பணிகளுக்கு ஆளெடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரித் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவியைப் பாருங்கள். பிளஸ் டூ கணிதத்தில் 60 விழுக்காடு இருந்தால் எந்தப் பட்டதாரியும் எழுதலாம். மதிப்பெண் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் பி.எட். வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள். தமிழ்நாட்டில் அது இரண்டு வருடப் படிப்பு, எம்.எஸ்ஸி. முடித்த பிறகும் சேரலாம். அப்பா அம்மாவிடம் அதையே சொல்லி, ஜாம் முடிவு வரும்வரை நேரம் கேளுங்கள்.

இடையில் ஒரு வருடம் வேலைக்குப் போவதென்றால், இரவு ஷிப்டுக்கு வண்டி உண்டா என்று முதலில் கேளுங்கள். அடுத்து, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் எத்தனை மாதத்தில் உட்கார வைப்பீர்கள் என்று. இல்லாவிட்டால் மாதிரி எடுப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலுமே வருடம் ஓடிவிடும். மூன்றாவதாக, கடைசியாக வந்த ஓ.ஓ.எஸ்.ஸில் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். பேட்டி எடுப்பவர் ஆர்வமாக விளக்கத் தொடங்கினால் அங்கே சேருங்கள். "எங்களுக்கு அதெல்லாம் வந்ததே இல்லை" என்றால், வேறு கம்பெனியைப் பாருங்கள்.